பிளஸ் சி

மெஷின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடும் டிப்ளமோக்காரருக்கு, பதவி உயர்வென்றால் மட்டும் பி.இ. வேண்டுமாம். அவரைக் கேட்டு ரிப்போர்ட் எழுதும் மேலதிகாரிக்கு அது இருக்கிறது.

முன்பு வேலை பார்த்தபடியே ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதினார்கள். 2013 மே 31-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அதைப் பட்டத்துக்குச் சமமாக மத்திய அரசு ஏற்பதில்லை. மிச்சமிருப்பது பகுதிநேர பி.இ.: மாலை வகுப்பு, கொட்டாவி இலவசம். நாற்பத்தைந்து வயதில் தொகையீடு! வீட்டில் பிளஸ் டூ மகள்தான் வாத்தியார்.

"அப்பா, மறுபடியும் 'பிளஸ் சி'யை விட்டுட்டீங்க!"

மாறிலியாம். அதற்கு என்ன மதிப்பு என்று கேட்காதீர்கள் சார், பேசாமல் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் மார்க் போகும்.