பழைய குட்டி யானையைப் படுக்க வைப்பது எப்படி?

2005-இல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து நம் ஊரில் சின்னச் சரக்கு வண்டி என்றாலே குட்டி யானைதான். முதலில் வந்ததில் இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். சுமை முக்கால் டன். இவ்வளவு எளிமையான டீசல் எஞ்சினைக் கெடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பழசாக வாங்குங்கள், பாதி வேலை மிச்சம். மீதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். வரிசைப்படுத்தித் தருவது மட்டுமே என் பங்கு.

1. வண்டி பார்க்க உச்சிவெயிலில் போங்கள். விற்பவர் காலையிலேயே ஒரு சுற்று ஓட்டி எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார். ஆறிய எஞ்சின்தான் திணறும், புகை கக்கும், உள்ளதைச் சொல்லும். அதன் வாயைக் கிளறாதீர்கள்.

2. புதுப் பெயிண்டில் சொக்கிப் போங்கள். குனிந்து சேஸிஸில் வெல்டிங் தழும்பு தேடினால் சட்டை அழுக்காகும். சீட்டையும் தூக்காதீர்கள், எஞ்சின் அதற்கடியில்தான் இருக்கிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி குபுகுபுவென்று புகைந்து காட்டிக்கொடுத்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால், ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் கலந்திருக்கலாம். மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் இதையெல்லாம் பார்த்துத் தொலைப்பார். மச்சானைக் கூட்டிப்போங்கள். அவர் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல வண்டி மாமா" என்பார்.

3. மீட்டரை நம்புங்கள். பத்து வருஷம் காய்கறி லோடு அடித்த வண்டி 40,000 கிலோமீட்டர்தான் ஓடியதாம். பெடல் ரப்பர் ஏன் வழுக்கையாக இருக்கிறது என்று கேட்டு நல்ல மனுஷரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

4. வாங்கியாயிற்றா? இனிதான் உங்கள் திறமை. முக்கால் டன் என்பது கம்பெனிக்காரனின் பயம். பின்னால் கூடுதலாக இரண்டு ஸ்பிரிங் பிளேட் போட்டு ஒன்றரை டன் செங்கல் ஏற்றுங்கள். பிளேட் தாங்கிக்கொள்ளும், ஆக்சில், கிளட்ச், பிரேக் எல்லாம் பழையபடி முக்கால் டன்னுக்குச் செய்தவைதான், ஆனால் அவற்றிடம் யார் சொல்லப்போகிறார்கள்? பின்பாரம் அழுத்தி முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பூப்போலத் திரும்பும். அதைப் பவர் ஸ்டியரிங் என்று சொல்லிக்கொள்ளுங்கள். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. அன்றைய வாடகையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், மனசு கெடும்.

5. ஆயிலை மாற்றாதீர்கள்; குறைந்தால் ஊற்றினால் போதும். கூலன்ட்டுக்குப் பதில் போர்த் தண்ணீர். உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கக் கொஞ்ச காலம் ஆகும், பொறுமை வேண்டும். ஆயுத பூஜைக்கு மட்டும் மாலை, பொட்டு, எலுமிச்சம்பழம் எதிலும் குறை வைக்காதீர்கள். ஏர் ஃபில்டர் வெளியே தெரியாததால் அதற்குப் பொட்டும் கிடையாது, சுத்தமும் கிடையாது.

6. நடுரோட்டில் நின்றதும் இறங்கி, "இந்த மாடலே சரியில்லைப்பா" என்று அறிவியுங்கள். ஸ்டாண்டில் இருப்பவர்கள் கேட்டு, நாலு பேருக்குச் சொல்வார்கள். ஓனர் அனுபவம் என்று ஊரில் உலவும் சரக்கில் பாதி இப்படி உற்பத்தியானதுதான். அதே மாடலை நேரத்துக்கு ஆயில் மாற்றி ஓட்டுகிற அண்ணன் ஏதாவது சொல்ல வந்தால், "உங்களுக்கு ராசியான வண்டிண்ணே" என்று முடித்துவிடுங்கள்.

7. விற்கும் நாளில் அதே வண்டி தங்கம். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். அது முடியும் முன் தள்ளிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் வெறும் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டு, பணத்தை எண்ணிக்கொண்டு கிளம்புங்கள். பெயர் மாறியதா என்று விசாரிக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டி எந்த ஊரில் யாரை இடித்தாலும் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.