பேசிக் படித்த பாவிகள்

1964-இல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் பேசிக் என்னும் நிரல் மொழியை உருவாக்கினார்கள். கணக்குப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மாணவரும் கணினியைத் தொடட்டும் என்ற நல்லெண்ணம். 1975-இல் டச்சுக் கணினி மேதை டைக்ஸ்ட்ரா தீர்ப்பெழுதினார்: பேசிக் பழகிய மூளை ஊனப்பட்டது, இனித் தேறாது. முதல் குற்றவாளி, வேறு வரிக்குத் தாவச் சொல்லும் 'கோட்டூ' கட்டளை. 40-ஆம் வரியிலிருந்து 200-க்குத் தாவி, அங்கிருந்து 70-க்குத் திரும்பும் நிரலை எழுதியவரே மறுநாள் படித்தால் தலை சுற்றும். வரிகளுக்குப் பத்துப் பத்தாக எண் போடுவார்கள். மறந்ததை நடுவில் செருக வேண்டுமே! மறதிக்கே இடஒதுக்கீடு தந்த மொழி. அதே 1975-இல் 'தேறாத' இருவர், பில் கேட்ஸும் பால் ஆலனும், ஆல்டேர் கணினிக்கு பேசிக் எழுதி விற்றார்கள். மைக்ரோசாஃப்டின் முதல் சரக்கு அதுதான். மூளை கெட்டதோ என்னவோ, கல்லா நிறைந்தது.