ஃபியூஸைப் பிடுங்கிய அமைச்சர்

அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனம் சிவப்பு, நீலம் என்று இரண்டு வானொலி வலையமைப்புகளை வைத்திருந்தது. ஒரே முதலாளிக்கு இரண்டு எதற்கு என்று அரசு அதட்டியதால் 1943-இல் நீலத்தை விற்றது. அதுதான் பிறகு ஏ.பி.சி. ஆனது. அந்தக் காலத்தில் நமக்கு அந்தத் தொல்லையே இருக்கவில்லை. மொத்த வானொலிக்கும் அரசே முதலாளியாக இருந்தது, யார் அதட்டுவது?

1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், தரம் போதாது என்று அரசு வானொலியில் சினிமாப் பாட்டின் ஃபியூஸைப் பிடுங்கினார். பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்யும் விருத்தாசலத்தில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: ஃபியூஸ் போனால் ஜனம் இருட்டில் உட்காராது, பக்கத்து லைனில் இழுத்துக்கொள்ளும். இழுத்தது. ரேடியோ முள் இலங்கை வானொலிக்குத் திரும்பியது. விளம்பரக் காசும் கூடவே கொழும்புக்குக் கப்பலேறியது.

1957 அக்டோபர் 3-இல் அரசு வானொலியின் விவித் பாரதி ஒலிபரப்பு பிறந்தது, சினிமாப் பாட்டோடு. அப்போதும் அமைச்சர் அதே கேஸ்கர்தான்.