டுக்டுக்: ஒரு செவிவழி விசாரணை

கொழும்புத்துறை வீதியில் ஓடும் மூன்று சில்லு வாகனம் ஊராருக்கு ஆட்டோ. அரச படிவத்தில் முச்சக்கர வண்டி. தென்னிலங்கையில் திரீவீல். முதுகில் பெரும் பையோடு இறங்குதுறைப் பக்கம் வரும் வெள்ளைக்காரருக்கு மட்டும் அது 'டுக்டுக்'. பாங்கொக் தெருக்களிலிருந்து ஆங்கிலத்தில் குடியேறி, கட்டுநாயக்காவில் வந்திறங்கிய இச்சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் வதிவிட உரிமை உண்டா என்பதே ஆய்வுப் பொருள்.

முதலில் தொல்காப்பியரிடம் போனோம். வாசலிலேயே மறியல். டகரம் மொழிக்கு முதலில் வராது. ககர ஒற்று இறுதியில் நிற்காது. இரு குற்றமும் களைந்தால் கிடைப்பது 'துக்குத்துக்கு'. செத்தவீட்டுக்குப் போகிறவர்கூட அதில் ஏறத் தயங்குவார். இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது என்ற விதி மட்டும் வண்டிக்கு அப்படியே பொருந்துகிறது: ஒற்றை 'டுக்' கேட்டால் எஞ்சின் நின்றுவிட்டது; இறங்கித் தள்ளவேண்டும்.

அடுத்து பௌதிகம். நிமிடத்துக்கு 1,200 சுற்றுச் சுற்றும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வைத்துக்கொள்வோம். பழைய டூ ஸ்ட்ரோக் சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். வினாடிக்கு 20 'டுக்'. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, வினாடிக்கு 10. ஆக, ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் 'டுக்டுக்' என்பது வெறும் ஐந்திலொரு வினாடிச் சங்கதி. பயணி அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் வண்டி அரைப் பதிகம் பாடிவிடும்.

இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1948இல் இந்தக் குலத்தின் மூதாதை ஒன்றுக்கு 'ஆப்பே' என்று பெயரிட்டது. தேனீ என்று பொருள். அதன் உழைப்பை நினைத்து வைத்த பெயர் என்று சிலர் வாதிடலாம். இரைச்சலைக் கேட்டவர் வாதிடார். வினாடிக்கு 20 வெடியை எந்தக் காது பிரித்தெண்ணும்? ரீங்காரம்தான். இவ்வழக்கில் என் வாக்கு இத்தாலியருக்கே.

நம்மவரோ ஒலியைப் பொருளுக்குச் சூட்டுவதைவிட வினைக்கு அடையாக்குவதிலேயே வல்லவர்கள். சடாரெண்டு திரும்பினான், படாரெண்டு கதவைச் சாத்தினாள். காகத்தை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் கவனிக்க: அது தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வந்த பறவை, நாம் வைத்ததல்ல.

இவ்வளவையும் நிறுவியபின், 'டுக்டுக்'குக்கு இங்கே வதிவிட உரிமை இல்லை என்ற முடிவைத் தரிப்பிடத்தில் நின்ற ஒரு சாரதியிடம் எடுத்துரைத்தேன். அவர் வண்டியின் முதுகில் அதே ஆங்கிலச் சொல் கொட்டை எழுத்தில் இருந்தது.

"அது அவையளுக்கு, ஐயா. நீங்கள் டக்கெண்டு ஏறுங்கோ."

ஒலி, வினைக்கு அடையாக. குறித்துக்கொண்டேன். கேட்ட காசில் மட்டும் அவர் பாங்கொக் மரபையே பின்பற்றினார்.