பாயின்ட்டுக்கு வாருங்கள்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மோட்டார் என்றால் பயம் கிடையாது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் என் நண்பரும் அந்த ஊர்தான். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் காலியான கேரேஜில் 1973 மாடல் போர்ஷே 914 ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டே சீட், நடுவில் எஞ்சின், கழற்றி மாட்டும் கூரை. முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. இவ்வளவு தாராளமாக இடம் விட்டவர்கள், எஞ்சினைப் பார்க்க மட்டும் சீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய மூடியைத்தான் வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து குப்புறக் கவிழ்ந்தால் தரிசனம் கிடைக்கும்.

வண்டிக்கு ஒரு வியாதி. சிக்னலில் நின்றால் ஐடிலிங் ஏறி இறங்கும். பச்சை விழுந்து மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். "இன்ஜெக்‌ஷன் போச்சுங்க" என்றார் நண்பர்.

பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். இந்த வண்டியில் இருக்கும் டி-ஜெட்ரானிக் என்ற இன்ஜெக்‌ஷன்மேல் அப்படி ஒரு பயபக்தி. 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600-இல் பாஷ் கம்பெனி அறிமுகப்படுத்தியது. ஒரு தகரப் பெட்டிக்குள் டிரான்சிஸ்டர்கள் உட்கார்ந்து, காற்றழுத்தத்தைக் கேட்டுப் பெட்ரோலை அளக்கும். மென்பொருள் ஒரு வரிகூடக் கிடையாது. அப்படியும் ஒரு கம்ப்யூட்டர் வேலை செய்கிறதே என்று நண்பருக்குக் கை பரபரத்தது. பிரித்தே பார்த்துவிடுவது என்று நின்றார். இன்ஜெக்‌ஷனைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் திட்ட வேண்டியது இக்னிஷனை என்பது என் கட்சி. முதலில் பொறி, பிறகு பெட்ரோல் என்று சொல்லி அவரைக் கடைக்கு இழுத்துப் போனேன்.

கவுண்டரில் 'போர்ஷே' என்று வாயைத் திறக்கக் கூடாது. பெயருக்கே தனி விலை. நாலு சிலிண்டர் 914-இன் எஞ்சின் ஃபோக்ஸ்வாகன் 411 வகையறா. ஃபோக்ஸ்வாகன் பெயரைச் சொல்லிக் கேட்டால் பல சாமான் அதே சாமானாகவே குறைந்த விலைக்கு வரும்.

பிளக்கில் ஆரம்பித்தோம். நம் ஊரில் மைக்கோ பிளக் என்றால் பேச்சு முடிந்தது. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோவும் பாஷ் குடும்பம்தான். 2008-இல் பெயரையே பாஷ் என்று மாற்றிக்கொண்டது. "அப்ப பாஷே வாங்கிடலாமுங்க" என்றார் நண்பர். எந்த நம்பர் என்பதில்தான் வினை. பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாகக் கைகழுவுகிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. என்ஜிகே பெட்டியில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. இன்றைய பாஷ் பெட்டியில் எண் கூடினால் சூடு. ஜப்பான்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் ஒத்துப்போகவில்லை என்று விடலாமென்றால், நண்பர் கையிலிருந்தது அந்தக் காலத்துக் கையேடு. அப்போதைய பாஷ் கணக்கில் 145, 175, 225 என்று எண் கூடக் கூடக் குளிர்ச்சி! பின்னாளில் அதே கம்பெனி எண்களைச் சுருக்கியபோது திசையையும் திருப்பிவிட்டது. பழைய 175 இன்றைக்கு 7. பழைய 145 இன்றைக்கு 8. ஜெர்மானிய ஒழுங்கு என்பார்களே, அது இதுதான்.

நண்பர் அங்கேயே செல்போனில் எக்செல் ஷீட் திறந்தார். இதற்கிடையில் கடைக்காரர் இரிடியம் பிளக்கை நீட்டி, லட்சம் மைல் தாங்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெயில் பார்க்கும் வண்டி அது; வருஷத்துக்கு ஆயிரம் மைல் ஓடினால் அதிகம். நூறு வருஷத்துக்கு வரும் என்று நண்பர் வீட்டுக்குப் போனில் சொல்ல, மறுமுனையில் அவர் மனைவி, "வாங்கிப் போடுங்க. அப்பவாச்சும் கேரேஜை விட்டு வெளியில வருவீங்கல்ல" என்றார். சாதாரணத் தாமிர பிளக் வாங்கி, கேப் 0.7 மில்லிமீட்டர் வைத்துக்கொள்வது என்று முடிவானது.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர். பீட்டில்காரர்களின் செல்லப்பிள்ளையான 009 புதிதாகவே கிடைக்கிறதே, மொத்தமாக மாற்றிவிட்டால் என்ன என்றார். மாற்றலாம், வண்டி கிளம்பாது. 914-இன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மேலே ஒரு சி.பி. பாயின்ட், அடிவயிற்றில் எதிரெதிராக இன்னும் இரண்டு. மேலே இருப்பது பொறிக்கு. கீழே இருப்பவைதான் தகரப் பெட்டிக்குத் தகவல் சொல்கின்றன: இப்போது இந்த இரண்டு இன்ஜெக்டர், அடுத்தது அந்த இரண்டு. 009-இல் அந்த அடிவயிறே கிடையாது.

பாயின்ட்டா எலெக்ட்ரானிக் கிட்டா என்ற விவாதத்தில் நான் விட்டுக்கொடுத்தேன். கிட்டுக்குத் தேய்மானம் இல்லை. ஆனால் நாலு சிலிண்டருக்குக் காயிலின் ரெசிஸ்டன்ஸ் 3 ஓமுக்குக் குறையக் கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை ஆனிலேயே விட்டால் சில கிட்டுகள் கருகும். அம்பாசிடரில் தொழில் பழகிய கை, பாயின்ட்டையும் கண்டென்சரையும் குளோவ் பாக்ஸில் போட்டுக்கொண்டது. ரோட்டர், மூடி, வயர்கள் பற்றிச் சண்டை இல்லை. சிவப்பு வயர் அழகாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி அடியில் இருந்த இரட்டைப் பாயின்ட்டைச் சரித்து எடுத்தபோது கரி அப்பியிருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, கெட்டி அட்டையால் துடைத்தேன். செலவு சொற்பம். இரிடியம் வாங்கியிருந்தால் இந்த அழுக்கும் சேர்ந்து நூறு வருஷம் இருந்திருக்கும்.

பிறகு டைமிங். 3500 ஆர்பிஎம்-இல் 27 டிகிரி. கூலிங் ஃபேன் விளிம்பில் சிவப்புக் கோடு. அதை ஒரு சின்ன இடுக்கு வழியாக டைமிங் லைட் அடித்துப் பார்க்க வேண்டும். நண்பர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, நான் தலைகீழாகத் தொங்கினேன். கலிபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தியதிலிருந்து, அந்தச் சலுகை அவருக்குச் சம்மதமில்லை என்று தெரிந்தது.

இப்போது சிக்னலில் வண்டி மணியாக நிற்கிறது. நண்பருக்குத்தான் நிலைகொள்ளவில்லை. காற்றழுத்தம் அளக்கும் சென்சாரின் முனையைக் கம்பெனியிலேயே பசை போட்டு அடைத்திருக்கிறார்கள். அதைத் துளைத்துத் திருகினால் இன்னும் இழுவை கிடைக்கும் என்று எங்கோ படித்துவிட்டார். வீட்டில் படம் மாட்ட வேண்டும் என்று அவருடைய டிரில் மெஷினை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். படம் இன்னும் வாங்கவில்லை.