முள்ளும் கம்பியும்

பாய்மரப் படகில் திசைகாட்டி பொய் சொல்லுமா?

சொல்லும். ஆனால் கிழக்கே போனால் ஒரு பொய், தெற்கே போனால் வேறு பொய். அதனால் படகை ஒரு சுற்றுச் சுற்றி, எந்தத் திசையில் எத்தனை டிகிரி பிழை என்று அட்டையில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். மனிதப் பொய்யருக்குத்தான் அப்படி அட்டை கிடையாது!

நல்ல திசைகாட்டி ஏன் கெட்டுப்போகிறது?

சகவாச தோஷம்! இன்ஜின், நங்கூரம், ஸ்பீக்கர், பக்கத்தில் வைத்த கத்தி.

இரும்பால் வந்த பிழையை எதைக் கொண்டு திருத்துவது?

முள்ளை முள்ளால்தான்! 1838இல் 'ரெயின்போ' என்ற இரும்புக் கப்பலில் திசைகாட்டியைச் சுற்றிக் காந்தங்களும் இரும்பும் வைத்தே பிழையைக் குறைத்துக் காட்டினார், ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி.

இந்தப் பிழையை ஆராய்ந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸுக்கு என்ன கிடைத்தது?

ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், 1803இல் மொரீஷியஸில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கினார். ஆறு ஆண்டுக்கு மேல் கம்பி எண்ணினார். பிற்பாடு, திசைகாட்டிப் பிழையைத் திருத்த நிறுத்தும் இரும்புக் கம்பிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு டிகிரி தப்பினால் குடியா முழுகிவிடும்?

குடி முழுகாது. 60 கடல் மைல் போனதும் சுமார் ஒரு கடல் மைல் விலகியிருப்பீர்கள். அங்கே பாறை இருந்தால், முழுகுவது படகு.

ஜி.பி.எஸ். காலத்தில் இதெல்லாம் எதற்கு?

பேட்டரி தீர்ந்த பிறகு கேளுங்கள். திசைகாட்டிக்குச் சார்ஜர் கிடையாது.