ஆறிய டீயும் ஆற்றிய டீயும்: ஓர் ஆராய்ச்சி

இக்கட்டுரையாளருக்கு இந்தச் சிக்கல் எழுந்தது ஒரு சித்திரை மாதத்து மத்தியானத்தில். ஏசி போட்ட கடை ஒன்றில் உயரமான கண்ணாடித் தம்ளரில் ஐஸ் டீ குடித்துவிட்டு வந்தவர், விலை இருநூற்று நாற்பது என்று வீட்டில் உளறிவிட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "ஆறிப்போன டீக்கா?"

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. நம் வீடுகளில் ஆறிப்போன டீயைப் பானமாக யாரும் கருதுவதில்லை. அது ஒரு வழக்கு. பேப்பர் படித்துக்கொண்டே மறந்துவிட்டு, பிறகு தம்ளரை நீட்டி "ஆறிப்போச்சு" என்று ஒருவர் சொன்னால், வெப்பநிலையை அறிவிக்கிறார் என்று எந்தக் குடும்பத்திலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று பழமொழியும் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது. அப்படிப்பட்டதை இன்னும் ஆறவிட்டு, ஐஸ் போட்டு, புதினாக் கொழுந்து ஒன்றைச் செருகிவிட்டால் மட்டும் எப்படி விருந்தாகும்?

விடை இலக்கணத்தில் இருக்கிறது. ஆறுதல் தன்வினை, ஆற்றுதல் பிறவினை. ஆறிய டீ, யாரும் கவனிக்காததால் தானே ஆறிக்கொண்டது. ஆற்றிய டீக்கு ஒரு கர்த்தா உண்டு. டீக்கடை மாஸ்டர் கையை முழ உயரத்துக்குத் தூக்கி, நுரை பொங்க ஊற்றுகிறாரே, அதற்கும் ஆற்றுதல் என்றுதான் பெயர். அவர் நாக்கு பொறுக்கும் சூட்டில் நிறுத்திக்கொள்கிறார். ஐஸ் டீ செய்பவர் நிறுத்தாமல் தொடர்கிறார். இரண்டு டீக்கும் உள்ள வேறுபாட்டைத் தெர்மாமீட்டர் காட்டாது. எழுவாய் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்தத் தேடலே தேவையில்லை. அங்கே வெறுமனே டீ என்றால் சர்க்கரை தாராளமாகக் கரைத்த ஐஸ் டீதான். சூடான டீ வேண்டுவோர்தாம் அடைமொழி சேர்க்க வேண்டும். 2003இல் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது: ஐஸ் டீ விற்கும் உணவகம் எதுவும் இனிப்பு டீயும் வைத்திருக்க வேண்டும், வைக்காவிட்டால் குற்றம். ஏப்ரல் முட்டாள் தினத்துக்கான விளையாட்டுத்தான். ஆனாலும் அங்கே விளையாட்டுக்குக்கூட இன்னொரு பானம் அகப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தோற்றம் பற்றிய ஐதிகம் இந்தியத் தேயிலையைச் சார்ந்தது. 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் உலகக் கண்காட்சி. இந்தியத் தேயிலையை அறிமுகப்படுத்தப் போயிருந்த ரிச்சர்ட் பிளெச்சின்டன், வெயிலில் சூடான டீயை ஒருவரும் சீந்தவில்லை என்று கண்டு ஐஸ் போட்டுக் கொடுத்தாராம். ஐஸ் டீ பிறந்ததாம். அதைப் பரப்பிய புகழை அவருக்குக் கொடுக்கலாம். பெற்ற புகழைக் கொடுக்க இயலாது. 1879இலேயே மேரியன் கேபெல் டைரி என்ற வர்ஜீனியாப் பெண்மணி தொகுத்த சமையல் நூலில் செய்முறை இருக்கிறது. அவர் சொல்வது பச்சைத் தேயிலை. இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டுமானால் காலையிலேயே போட்டுவிட வேண்டும். பகல் முழுக்க அது பொறுமையாக ஆறும். சர்க்கரையோ கடைசியில், கோப்பையிலுள்ள ஐஸோடு சேர்கிறது. இன்றைய தெற்கத்தி வழக்கு இதற்கு நேர் எதிர்: சூட்டிலேயே சர்க்கரை. பச்சைத் தேயிலையும் இரண்டாம் உலகப் போரில் கிழக்கிலிருந்து வரத்து நின்றபின் கறுப்புத் தேயிலைக்கு இடம் விட்டுவிட்டது.

இங்கே சென்னைவாசிக்கு ஒரு மனக்குறை எழுவது இயல்பு. ஐஸ் நம் ஊருக்கு அதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது. பாஸ்டன் வியாபாரி பிரெடெரிக் டியூடர், மாசசூசெட்ஸ் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் உருகியது போகச் சுமார் 100 டன் கரை சேர்ந்தது. சென்னையில் அவருடைய ஐஸை வைக்கக் கடற்கரையோரம் 1842இல் ஒரு கட்டடம் எழுந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்த வட்டாரத்துக்கு இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றே பெயர். ஆனால் அஸ்ஸாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலம் போனதே 1839இல்தான். நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் காலூன்ற 1850களின் பிற்பாதி ஆயிற்று. மாப்பிள்ளை சத்திரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். பெண் அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தாள். பெண் வளர்ந்து ஆளானபோது இயந்திர ஐஸ் வந்து டியூடர் வியாபாரத்தையே கரைத்துவிட்டது.

இனிச் செய்முறை. மனப்பாடம் செய்ய ஏதுவாகக் கட்டுரையாளரே ஒரு நூற்பா யாத்திருக்கிறார்:

கொதிநீர்க்கு இலையும் இலைநீர்க்கு இனிப்பும்
இனிநீர்க்கு ஐஸும் முறையின் வருமே.

என்பது சூத்திரம். 'இலையும்' என்றதனால் டஸ்ட் விலக்கப்பட்டது. டஸ்ட் டீ பாலுக்கென்றே பிறந்தது. பாலில்லாமல் நிறுத்தினால் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அரை லிட்டர் தண்ணீருக்கு நாலு டீஸ்பூன் இலை, அடுப்பை அணைத்தபின் போட்டு மூடி, ஐந்து நிமிடம். கொதிக்கவிடுவது நம் கைப்பழக்கம். அன்று ஒரு நாள் கையைக் கட்டிப்போட வேண்டும். தெற்கத்திக்காரர்கள் சிலர் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுத் துவர்ப்பை அடக்குவதும் உண்டு. அஃது 'உம்மை'யால் பெறப்படும்.

'இலைநீர்க்கு இனிப்பும்' என்றதற்கு உரைகாரர்கள் சொல்லும் காரணம், குளிர்நீரில் சர்க்கரை கரையாது என்பது. அது பிழை. 20 பாகையில்கூட ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 2 கிலோ சர்க்கரையை ஏற்கும். பாயசமே வெட்கப்படும் அளவு. குளிர்நீருக்குக் குறை திறமையில் இல்லை, வேகத்தில். கரைந்து முடிப்பதற்குள் நாம் குடித்துவிடுகிறோம். அடியில் தங்கியதைக் கடைசி மடக்கில் மொத்தமாகப் பெற்றுக்கொள்கிறோம். அளவு 80 முதல் 100 கிராம். இவ்வளவா என்று கேட்பவர், உருகிப்போன ஐஸ்கிரீமை ஒரு வாய் நக்கிப் பார்க்கட்டும். குளிரில் நாக்கு இனிப்பைக் குறைத்தே கணக்கெடுக்கிறது. 'இனிப்பு' என்று பொதுப்படக் கூறியதனால் நாட்டுச் சர்க்கரையும் கொள்க. கருப்பட்டி கொள்ளற்க, அது தேயிலையைப் பேசவே விடாது.

'இனிநீர்க்கு ஐஸும்' என்பதில் நுட்பம் அதிகம். 0 பாகையில் உள்ள ஒரு கிராம் ஐஸ் வெறுமனே உருகுவதற்கே 80 கலோரி சூட்டைக் கேட்கும். வடிகட்டிச் சர்க்கரை கலக்கும் நேரத்தில் டீ ஏறத்தாழ 80 பாகைக்கு இறங்கியிருக்கும். ஆகவே அரை லிட்டர் டீயில் அரைக் கிலோ ஐஸைக் கொட்டினால், ஐஸ் முழுக்கத் தன்னைக் கொடுத்து, டீ முழுக்கத் தன் சூட்டைக் கொடுத்து, இரண்டும் 0 பாகையை ஒட்டி வந்து நிற்கும். மொய்க் கணக்கு இவ்வளவு நேராக முடிந்த கல்யாணம் கிடையாது. அளவு இரட்டிக்கும் என்பதால்தான் டீயை முதலிலேயே இருமடங்கு கடுப்பாகப் போடச் சொன்னது. வீட்டு ஐஸ் டிரே இரண்டும் சேர்ந்தால்தான் அரைக் கிலோ தேறும் என்பதை முந்தின இரவே நினைத்துக்கொள்க.

களப்பணி மூன்று நாள் நடந்தது. முதல் நாள், ஐஸுக்குச் சோம்பிக் கடுப்பு டீயை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்ததில், செம்பு நிறத்தில் இருந்தது சேற்று நிறத்துக்கு வந்தது. "கலங்கிப்போயிருக்கே, எச்சில் கரண்டி பட்டுதா?" என்றார் அம்மா. எச்சிலன்று. குளிரும்போது தேயிலையின் நிறப்பொருள்களும் காஃபீனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. போர் தண்ணீரின் சுண்ணாம்பும் அதற்குத் துணை போகும். கொதிநீர் கொஞ்சம் விட்டால் தெளியும். இரண்டாம் நாள் கேன் தண்ணீரும் போதிய ஐஸும் பயன்பட்டன. டீ தெளிவாக வந்தது. அம்மா ஒரு வாய் குடித்து, "ரசம் மாதிரி இருந்தா சளி பிடிக்காது" என்று மட்டும் சொன்னார். இதை ஏற்பாகக் கொள்வதா மறுப்பாகக் கொள்வதா என்பதில் வீட்டில் இரு கருத்து நிலவுகிறது.

மூன்றாம் நாள் எலுமிச்சை. புளிப்பு பட்டதும் டீயின் நிறம் தேன்போல் வெளுக்கும், பார்க்க அழகு. எலுமிச்சையைத் தம்ளரில்தான் பிழிய வேண்டும், ஜக்கில் கூடாது என்பது விதி. அழகில் மயங்கிய கட்டுரையாளர் இரண்டு பழத்தையும் ஜக்கிலேயே பிழிந்து, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு இக்கட்டுரை எழுத உட்கார்ந்தார்.

சாயங்காலம் அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. ஃப்ரிட்ஜில் கேட்பாரற்றுக் கிடந்த ஆறிப்போன டீயை வீணாக்க மனமில்லாமல், பால் சேர்த்துச் சூடு பண்ணியிருக்கிறார்.

"பால் திரிஞ்சுபோச்சுடா. பாக்கெட்டு சரியில்லை போல."

திரிதல் தன்வினை. கட்டுரையாளர் அதைத் திருத்தவில்லை.